ஒரே ஆறு, இரண்டு கரைவேட்டி

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது பொருளான மழைநீர் வடிகாலை எடுத்தபோது மாலை ஆறே கால் மணி. ஏழரைக்கும் அதே பொருளில்தான் நின்றோம். வடிகாலைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் கல்லணைக் கால்வாய்க்கு, அதாவது நம் ஊர் வழக்கில் புது ஆற்றுக்கு, சிமெண்ட் தளம் போட்டது எந்த ஆட்சி என்ற வாக்குவாதத்தில் போயிற்று. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யாத குறைதான். பஜ்ஜி ஆறிப்போனது; வடிகால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

இந்த மடலில் கட்சி அரசியல் எழுதுவதில்லை என்பது நம் வழக்கம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற சலுகையில், “வரலாறாக எழுதுங்கள், பிரசாரமாக வேண்டாம்” என்று ஆசிரியர் குழு அனுமதி கொடுத்திருக்கிறது. தலைவர்களின் பெயர்களைப் பெயர்களாகவே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் பட்டத்தைச் சேர்த்து எழுதினாலே எழுதுகிறவன் வேட்டியில் ஒரு கரை ஒட்டிக்கொள்கிறது.

முதலில் புது ஆற்றுக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த கால்வாய் அது. அதை நவீனப்படுத்தும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போது மாநிலத்தில் அதிமுக ஆட்சி. மூன்று மாதத்துக்குள் ஆட்சி மாறியது. வேலை திமுக ஆட்சியில் தொடர்ந்தது. ஆக, அன்று கூட்டத்தில் இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. இரண்டு தரப்பும் பாதி உண்மையோடு நிறுத்திக்கொண்டன.

இந்தப் பாதியோடு நிறுத்தும் பழக்கம் நம் சங்கத்தில் பிறந்ததல்ல. அரை நூற்றாண்டாகக் காவிரிப் படுகையின் பெரிய விஷயங்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எப்போதும் இப்படி இரண்டாகவே இருந்ததில்லை. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகள் 62 பேர் உள்ளே வந்தார்கள். கீழத்தஞ்சையில் செங்கொடிக்கு இருந்த செல்வாக்கைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆண்டிலேயே, கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்ன ராஜாஜியின் அரசு, தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் என்று தனியாகக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே கட்சி பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்தால் அந்தச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் கருத்து. பண்ணையாளுக்காகப் பேச மூன்றாவதாக ஒரு தரப்பு இருந்தது. அந்தத் தரப்பைக் கண்டு ஆளும் தரப்புக்குப் பயமும் இருந்தது.

பிறகு திமுக வளர்ந்தது. 1962-ல் நம் தஞ்சாவூர்த் தொகுதியிலேயே காங்கிரஸின் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்து மு. கருணாநிதி சட்டமன்றம் போனார். 1967-ல் ஆட்சியே கைமாறியது. அந்தத் தேர்தலில் காங்கிரஸும் திமுகவும் தனித்தனியே வாங்கிய வாக்குகள் ஏறக்குறைய சமம், இரண்டும் 41 சதவீதத்தை ஒட்டியவை. திமுகவுக்குக் கிடைத்த இடங்கள் 137. காங்கிரஸுக்கு 50-ஐ ஒட்டி. கூட்டணியைக் கவனமாகக் கட்டியவர் வென்றார். இந்தக் கணக்கை எல்லாக் கட்சிகளும் அன்றே மனப்பாடம் செய்துகொண்டன.

இனி 1972-க்கு வருகிறேன். டெல்டாவுக்கு அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை.

காவிரி நீர் பற்றி மைசூருக்கும் சென்னைக்கும் 1924 பிப்ரவரி 18 அன்று ஏற்பட்ட ஒப்பந்தத்தில், ஐம்பது ஆண்டு கழித்துச் சில விஷயங்களை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974 நெருங்க நெருங்க, கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று மேலே அணைகள் எழும்பின. நடுவர் மன்றம் வேண்டும் என்று கேட்ட தமிழக அரசு, 1971-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1972-ல் அந்த வழக்கை அரசே திரும்பப் பெற்றது. பேசித் தீர்க்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டுக்கொண்டதால் பெற்றோம் என்பது திமுகவின் விளக்கம்.

அதே ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17 அன்று அதிமுக பிறந்தது. அன்று முதல் அந்த வழக்கு வாபஸ், காவிரிப் பிரச்சினையின் ஒரு கட்டமாக இல்லாமல் ஒரு கட்சியின் குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது. ஐம்பது ஆண்டாக அதிமுக மேடைகளில் “வழக்கை வாபஸ் வாங்கியவர்கள்” என்பது ஒரு வாய்பாடு. திமுக மேடைகளில் அதற்கு மறுவாய்பாடு. என் மாணவர்களிடம் ஒரு முறை கேட்டேன், அந்த வழக்கு எதற்காகப் போடப்பட்டது என்று. வாபஸ் வாங்கியவர் பெயர் நாற்பது பேருக்கும் தெரிந்திருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இருவர்.

வழக்கு மறுபடி எப்படி உயிர்பெற்றது? 1983-ல் டெல்டாவைச் சேர்ந்த ஒரு விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்பது அதன் பெயர். இவ்வளவு நீளப் பெயரை ஆங்கில எழுத்தில் அப்படியே அச்சடித்த சட்டத் தொகுப்புகளை வழக்கறிஞர் நண்பர் ஒருவர் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. கட்சிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் பக்கத்து மிராசுதார்களும் குத்தகைக்காரர்களும் டெல்லிக்கு ரயில் ஏறியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 1986 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு, நடுவர் மன்றம் அமைக்கக் கோரி மத்திய அரசிடம் முறைப்படி விண்ணப்பித்தது. 1989-ல் வந்த கருணாநிதி அரசு அதே நிலையில் உறுதியாக நின்றது. 1990 மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விவசாயிகள் சங்கத்தின் அந்த மனு மீது தீர்ப்புச் சொன்னது. ஜூன் 2 அன்று வி.பி. சிங் அரசு அமைத்தது. இடைக்கால நிவாரணம் கேட்டு வாதாடிய காலத்தில் 1991 ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, வழக்கு நிற்கவில்லை. ஜூன் 24 அன்று ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்றார். மறுநாள், ஜூன் 25, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விட வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு வந்தது. பதவியேற்ற இரண்டாவது நாள்!

அந்த உத்தரவு யாருடைய வெற்றி? விவசாயிகள் சங்கம், எம்.ஜி.ஆர். அரசு, கருணாநிதி அரசு, நடுவில் ஆண்ட ஆளுநர், அரசு மாறினாலும் கோப்பைக் கைவிடாத பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள், வழக்கறிஞர்கள். அதை மத்திய அரசிதழில் ஏற்ற வைத்ததில் ஜெயலலிதா அரசுக்கும் பங்கு உண்டு. அது 1991 டிசம்பரில் நடந்தது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கோலை வாங்கி ஓடுவார்களே, அப்படி ஓடியிருக்கிறார்கள். ஆனால் ஓடிய ஒவ்வொருவரும் முழுத் தூரத்தையும் தானே ஓடியதாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். முன்னால் ஓடியவர் பெயரைச் சொன்னால் ஓட்டுப் போய்விடும்.

இதே கதை இன்னொரு சுற்று நடந்தது. இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. அப்போது திமுக ஆட்சி. அது அரசிதழில் வெளியானது 2013 பிப்ரவரி 19 அன்று. அப்போது அதிமுக ஆட்சி. மத்தியில் கூட்டணியில் இருந்தும் ஆறு ஆண்டு அரசிதழில் ஏற்றவில்லை என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. தீர்ப்பே எங்கள் காலத்தில் வந்ததுதானே என்பது மறு தரப்பின் பதில். 2013 மார்ச்சில் நம் தஞ்சாவூரிலேயே பெரிய விழா எடுத்து முதல்வருக்குப் “பொன்னியின் செல்வி” என்று பட்டம் கொடுத்தார்கள். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டவர்கள் நம் நகரிலேயே பலர் இருக்கிறீர்கள். 1983-ல் மனுப் போட்டவர்களின் பெயர் எந்த வளைவிலும் என் கண்ணில் படவில்லை.

2018-ஐ நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் நமக்குக் கிடைக்க வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 22 அன்று, முதல்வர் பழனிசாமி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். மு.க. ஸ்டாலின் உட்பட எல்லோரும் போனார்கள். இதற்குப் பதினாறு மாதம் முன்பு, 2016 அக்டோபரில், எதிர்க்கட்சியான திமுக கூட்டிய காவிரிக் கூட்டத்துக்கு ஆளும் கட்சி போகவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே அறையில் எல்லோரும் உட்கார்ந்ததே பெரிய செய்தி. ஆனால் அது நீடிக்கவில்லை. மேலாண்மை வாரியம் அமைக்க நீதிமன்றம் கொடுத்த ஆறு வாரக் கெடு முடிந்ததும், ஏப்ரல் 3 அன்று ஆளும் கட்சி உண்ணாவிரதம் இருந்தது. ஏப்ரல் 5 அன்று எதிர்க்கட்சிகள் முழு அடைப்பு நடத்தின. 7-ஆம் தேதி முக்கொம்பில் ஸ்டாலினின் நடைபயணம் தொடங்கியது. ஒரே கோரிக்கை, ஒரே வாரம், வேறு வேறு மேடை. கடைமடை விவசாயி ஒருவர் அப்போது என்னிடம் கேட்டது: “சார், ரெண்டு பேரும் தண்ணிதான கேக்குறாங்க, ஏன் சார் சேந்து கேக்க மாட்டேங்குறாங்க?” வரலாற்று ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது முயன்று பார்க்கிறேன்.

தலைவர்களின் சுபாவத்தில் காரணம் தேடுவது எளிது. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் நடந்த கைகலப்பு, 2001 ஜூன் 30 நள்ளிரவுக் கைது, இவையெல்லாம் தனிப்பட்ட பகையாக வளர்ந்தது உண்மைதான். பல ஆண்டுகள், ஒருவர் முதல்வரானால் மற்றவர் அவைக்குள் வருவதே அபூர்வமாக இருந்தது. ஆனால் சுபாவத்தை விடத் தேர்தல் கணக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

மோரிஸ் டுவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1951-லேயே ஒன்று எழுதினார். ஒரு தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவருக்கே இடம், இரண்டாவது வந்தவருக்கு ஒன்றுமில்லை என்ற முறை இருந்தால், காலப்போக்கில் அரசியல் இரண்டு பெரிய கட்சிகளாகச் சுருங்கும் என்றார். மூன்றாவது ஆளுக்குப் போடும் ஓட்டு வீண் என்று மக்களுக்கே தோன்றிவிடும். எல்லா நாட்டுக்கும் இது பொருந்தவில்லை. இந்தியா முழுமைக்கும் பொருந்தவில்லை. தமிழ்நாட்டுக்குப் பொருந்தியது. 1977-ல் நான்குமுனைப் போட்டி நடந்த மாநிலம் இது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எல்லாச் சிறு கட்சிகளும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. 2016-ல் இரண்டு பக்கமும் வேண்டாம் என்று மக்கள் நலக் கூட்டணி அமைத்தவர்கள் ஓர் இடம்கூட வெல்லவில்லை.

இந்த முறை எவ்வளவு கொடூரமாகக் கணக்குப் போடும் என்பதற்கு இரண்டு தேர்தல்கள் போதும். 1991-ல் திமுக வாங்கியது சுமார் 22 சதவீத வாக்கு. கிடைத்தது 2 இடம். 1996-ல் அதிமுக வாங்கியது சுமார் 21 சதவீதம். கிடைத்தது 4 இடம். ஐந்தில் ஒரு வாக்காளர் நம்பிய கட்சிக்கு 234 பேர் அவையில் ஓர் ஆட்டோவில் ஏற்றக்கூடிய அளவு உறுப்பினர்கள். தோற்றவனுக்கு அவையில் வேலையில்லை, தெருவில்தான் வேலை. வென்றவனுக்குத் தோற்றவனைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அடுத்த முறை சக்கரம் சுற்றும்போது இதே கதி தனக்கும் வரும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் கையில் இருக்கும் ஐந்து ஆண்டில் முந்தியவன் போட்ட கோட்டை அழித்துத் தன் கோட்டைப் போட்டுவிட வேண்டும்.

சட்ட மேலவை இதற்கு வேடிக்கையான உதாரணம். 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது ஒழிந்தது. திமுக 1989-ல் மீண்டும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதிமுக 1991-ல் அதை ரத்து செய்தது. 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நாடாளுமன்றமே சட்டம் இயற்றிக் கொடுத்தது; 2011-ல் வேண்டாம். மேலவை தேவையா இல்லையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஆனால் கால் நூற்றாண்டு ஒரு சபையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருக்கிறோம்.

மேலவை இல்லாமல் நமக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. மாமன்றம் இல்லாமல் குறைந்தது. தஞ்சாவூர் 1866-ல் நகராட்சியானது, 2014-ல் மாநகராட்சியானது. மாநகராட்சியான பிறகு வந்திருக்க வேண்டிய முதல் தேர்தல் 2016 அக்டோபரில். இடஒதுக்கீட்டில் குறை இருப்பதாகத் திமுக தரப்பு வழக்குப் போட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து தேர்தல் நடத்தியிருக்கலாம். நடக்கவில்லை. வழக்குப் போட்டதால்தான் தேர்தல் நின்றது என்றது ஆளும் கட்சி. தோல்விக்குப் பயந்து ஆளும் கட்சி இழுக்கிறது என்றது எதிர்க்கட்சி. ஊராட்சிகளில் பல மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வந்தது. இடையில் ஐந்து ஆண்டுக்கும் மேலாக நம் வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. கஜா புயல் அந்த இடைவெளியில்தான் வந்தது, 2018 நவம்பரில். கொரோனா அந்த இடைவெளியில்தான் வந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்வதற்குக்கூட நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாத அந்தக் காலத்தில், நம் சங்கத்தின் செயலாளர்கள் பட்ட பாடு நிறையப் பேருக்குத் தெரியாது.

போட்டியே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த என் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். ஆட்சி மாறியதும் அது ஒழியும் என்று சிலர் நினைத்தார்கள். 1989-ல் கருணாநிதி அரசு அதில் முட்டை சேர்த்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பின்னாளில் வாரம் ஐந்து நாளும் முட்டை. பிறகு ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம், 2022-ல் காலை உணவு. ஒருவர் வைத்த இலையில் இன்னொருவர் ஒரு கறி கூடுதலாக வைத்தார். நியாய விலைக் கடை அரிசி, பெண் குழந்தைகளின் படிப்பு என்று இந்தப் பந்தயத்தால் ஏழைகள் பெற்றது அதிகம். நான் கவனித்த வரையில், ஐந்து ஆண்டுக்குள் கொடுத்து முடித்துக் கணக்குக் காட்டக்கூடிய காரியத்தில் இரண்டு கட்சிப் போட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஆறு, வாய்க்கால், வழக்கு, கடைமடை வடிகால், நிலத்தடி நீர் போன்றவை ஐந்து ஆண்டுக் காரியங்கள் அல்ல. முப்பது ஆண்டு ஒரே கோப்பைப் புரட்ட வேண்டிய காரியங்கள். அங்கே அது தடுமாறுகிறது. டெல்டாவின் துரதிர்ஷ்டம், நம் பிழைப்பு முழுவதும் இந்த இரண்டாவது வகையில் இருப்பதுதான்.

இதைவிடக் கொடிய விலை கொடுத்த இடம் தொலைவில் இல்லை. கோடியக்கரையில் நின்றால் எதிர்க்கரை இலங்கை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: தமிழர் பகுதிகளுக்குப் பிராந்திய சபைகள், மொழிக்கு ஓரளவு இடம். எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். பிக்குகளின் எதிர்ப்பும் சேர, 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965-ல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா செல்வாவோடு வேறொரு ஒப்பந்தம் செய்தார். இப்போது எதிர்ப்பது பண்டாரநாயக்காவின் கட்சியின் முறை. அதுவும் நிறைவேறவில்லை. ஆட்சியில் இருந்தபோது இரண்டு கட்சிகளுக்கும் நியாயம் புரிந்திருக்கிறது. எதிரில் உட்கார்ந்தபோது இரண்டுக்கும் அது ஓட்டு வாங்கும் கருவியாகத் தெரிந்திருக்கிறது. பின்னால் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கர்நாடகத்திலும் காவிரி விஷயத்தில் நடப்பது இதன் சிறிய வடிவம்தான்; தண்ணீர் திறந்தால் எதிர்க்கட்சி சும்மா விடாது என்ற பயம் அங்கே எந்த முதல்வருக்கும் உண்டு.

நம் பக்கம் திரும்பி வந்தால், இரண்டு கட்சிகளும் சேர்ந்து நின்ற தருணங்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் அவர்களை அப்படி நிற்க வைத்தவர்கள் கரைவேட்டி கட்டாதவர்கள். மீத்தேன் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் திமுக ஆட்சி அந்தத் திட்டத்துக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. நம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் காலமானார். அதிமுக ஆட்சி 2013-ல் நிபுணர் குழு அமைத்து, 2015-ல் அனுமதி இல்லை என்றது. 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அதில் திருச்சி, கரூர், அரியலூர் விடுபட்டதைத் திமுக சரியாகவே சுட்டிக்காட்டியது. 2023 ஏப்ரலில் ஒரத்தநாடு பக்கம் வடசேரி உட்பட்ட நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தபோது, சட்டமன்றத்தில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, மத்தியில் ஆளும் கட்சியின் தமிழகப் பிரிவு எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அந்த இடங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. 2015-ல் ஒரு கட்சி எடுத்த முடிவை 2023-ல் இன்னொரு கட்சி தன் முடிவாகக் காப்பாற்றியது. விவசாயிகளின் எதிர்ப்பு இரண்டு பக்கமும் ஊறிப்போயிருந்ததால் நடந்தது இது.

கம்யூனிஸ்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி 1977, 1979, 1989, 1996, 1998, 2019 என்று பலமுறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அனுப்பியிருக்கிறது. ஆனால் 1952-ல் தனித்து நின்று ஆளும் தரப்பைப் பயமுறுத்திய அந்த இயக்கம், பெரும்பாலான தேர்தல்களில் ஏதாவது ஒரு பெரிய கட்சியின் அணியில் இடம் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. இடம் கிடைத்தது. அணித் தலைமையை எதிர்த்துப் பேசும் சுதந்திரம் எவ்வளவு மிஞ்சியது என்பதைத் தோழர்கள்தான் சொல்ல வேண்டும். பல கட்சி வந்தால் ஆட்சி நிலைக்காது என்பார்கள். 2006-ல் திமுக 96 இடத்தோடு சிறுபான்மை அரசு அமைத்து, ஐந்து ஆண்டு முழுதும் ஆண்டது. கவிழ்ந்துவிடவில்லை.

இதெல்லாம் கோட்டையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டது. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2007-ல் கலைஞர் என்று தொலைக்காட்சிகள் வந்தன. ஒரே நாளில் ஒரே மேட்டூர் அணையில் ஒரு வீட்டில் தண்ணீர் கடைமடைக்குப் போகும். எதிர்வீட்டில் பயிர் கருகும். இப்போது வாட்ஸ்அப். நம் நகர்க் குழுவிலேயே சென்ற ஆண்டு நான்கு பேர் வெளியேறிவிட்டார்கள். அதில் இருவர் இருபது ஆண்டாகப் புது ஆற்றங்கரையில் சேர்ந்து நடைப்பயிற்சி போனவர்கள். இப்போது ஒருவர் ஐந்தரைக்குப் போகிறார், மற்றவர் ஆறரைக்கு.

கடைசியாக வடிகால். சங்க அலுவலகத்துப் பீரோவைக் குடைந்து பழைய கோப்பை எடுத்தேன். 2015-ல் ஒரு மனு, அன்றைய கவுன்சிலரிடம் கொடுத்தது. 2017-லும் 2019-லும் தனி அலுவலருக்கு. 2022-ல் புதிய கவுன்சிலருக்கு. நான்கும் ஒரே கோரிக்கை. ஆனால் எந்த மனுவிலும் அதற்கு முந்தைய மனுவைக் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் முறையாகக் கேட்பதுபோலவே கேட்டிருக்கிறோம். நான்கையும் தேதிவாரியாக இணைத்து ஐந்தாவதை எழுதியிருக்கிறேன். எந்தத் தேதியில் யார் ஆட்சி என்ற குறிப்பு அதில் இல்லை. நடைப்பயிற்சி நேரத்தை மாற்றிக்கொண்ட அந்த இருவரும் தனித்தனியே வந்து படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. 2015-க்கு முந்தைய மனுவின் நகல் யாரிடமாவது இருந்தால் பொதுக்குழுவுக்கு முன் அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். 2005 வெள்ளத்தின்போது ஒன்று எழுதிய ஞாபகம் சிலருக்கு இருக்கிறது.